திரைக்குள் இருந்த நறுமுகை

பேச்சுப் பயிற்சி மையத்துக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் திரைக்குள் ஒரு நகல் உண்டு. பயிற்சியே கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தை எப்படிப் பேசியிருக்கும் என்பதை அது பேசிக் காட்டும். பயிற்சி கொடுப்பதோடு, இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் சொல்வதும் மெஹருன்னிசாவின் வேலை.

திக்கித் திக்கிப் பேசிய நறுமுகை இப்போது கடகடவென்று பேசினாள். ஆனால் திரைக்குள் இருந்தவளும் அப்படியே பேசியபோது மெஹருன்னிசாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வித்தியாசமே இல்லையென்றால் பயிற்சி வீண் என்று மையத்தை மூடிவிடுவார்களே!

"பாப்பா, இவகிட்ட நீ ஏதாவது பேசினியா?"

"ஆமா டீச்சர். தன் பேரையே சொல்ல முடியாம தவிச்சா, பாவம். நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் நான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். மூச்ச விட்டுட்டு மெதுவா ஆரம்பின்னேன். தப்பா?"

கெட்டுப்போன நகலை அழித்துவிடலாமென்று மெஹருன்னிசா கையை நீட்டினாள்.

"அவளைத் திட்டாதீங்க டீச்சர், நான்தான் கேட்டேன்" என்றது திரை. ஓரிடத்திலும் திக்கவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது. பயிற்சி பலித்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மெஹருன்னிசா நாற்காலியைத் திரைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கே, உன் பேரைச் சொல்லு கண்ணு, கேப்போம்."