ஒரே ஐபி

விளம்பர மெயில் அனுப்பித் தரும் மும்பை செம்பூர் கம்பெனி. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஜெஸியிடம் முதலாளி வெங்கடகிருஷ்ணன் கொதித்துக்கொண்டிருந்தார்.

"எல்லா கஸ்டமர் மெயிலும் ஸ்பாமுக்குப் போகுது. ஏன், ஜெஸி?"

"எல்லார் மெயிலும் நம்ம சர்வரோட ஒரே ஐபி நம்பர்லருந்துதான் போகுது சார். ஒருத்தர் குப்பை அனுப்புனா எல்லார் பேரும் கெட்டுரும்."

"அந்தத் தாராவி பேக் கடைக்காரனாத்தான் இருக்கும். தூக்கிடு."

"அவரு மெயில் வேணும்னு கேட்டவங்களுக்கு மட்டும்தான் அனுப்புறாரு. பாத்துட்டேன்."

"நீயும் தாராவி. விட்டுக்கொடுப்பியா? யாரா இருந்தாலும் இன்னைக்கே தூக்கணும்."

"காலையிலயே தூக்கிட்டேன்."

"யாரை?"

"விலைக்கு வாங்குன மெயில் முகவரிக்கெல்லாம் நம்ம கம்பெனி தீபாவளி ஆஃபரை அனுப்புனீங்கல்லா, உங்க கணக்கைத்தான்" என்றாள் ஜெஸி. "மத்தவங்க மெயில் மெல்லப் போய்ச் சேந்துரும் சார். உங்களுது இங்கருந்து கிளம்பாது."