சுவரில் ஒரு புள்ளி

"மறுபடியும் வானத்துல அதே மூலையா?"

தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

நெப்டியூனைத் தாண்டிச் சுற்றும் குட்டிப் பனி உருண்டைகளைத் தேடுவதுதான் அந்த ஆய்வு மையத்தின் வேலை. புதிதாக எத்தனை பிடித்தோம் என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அந்தப் பெண் ஆய்வாளரோ, தன் பங்குக்கு வரும் தொலைநோக்கி நேரத்தை எல்லாம் ஏதோ ஒரு பழைய உருண்டைக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

அவள் உள்ளே வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த போட்டோவை விருந்தாளிகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளி தெரியுதா? நான் கண்டுபிடிச்சது. என் செல்லக்குட்டி! என் சம்சாரம் பேரை வைக்கணும்னு ஆசை. பேர் வைக்கிற குழுதான் இன்னும் தூங்கிட்டிருக்கு."

விருந்தாளிகள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தலைவர் இவள் பக்கம் திரும்பினார். முகத்தில் இருந்த சிரிப்பைக் காணோம்.

"ஏம்மா, புதுசைப் பிடிங்கன்னா பழசைக் கட்டிக்கிட்டு அழறீங்களே?"

"கண்டுபிடிச்சவர் அப்போ பார்த்ததோட சரி சார். அப்புறம் திரும்பியே பார்க்கல. அடுத்தடுத்த வருஷமும் பார்த்தாத்தானே சுத்துற பாதை உறுதியாகும்? இல்லேன்னா தொலைஞ்சிடுமே."

"தொலைஞ்சா தொலையட்டும்! ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்க நீங்க யாரு?"

"மனசு கேக்கல சார்."

"பெத்தவன்னு ஒருத்தன் இருப்பான்ல? கண்டுபிடிச்சேன்னு மார் தட்டத் தெரியுது. அது இப்ப எங்கே இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பார்க்கத் தெரியல. வெட்கமா இல்ல அந்த ஆளுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அப்படித் திட்டாதீங்க சார், பாவம். அவருக்கு எங்கே நேரம்? வர்றவங்களுக்கெல்லாம் போட்டோ காட்டவே சரியா இருக்கு."

தலைவர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"குழு ஒண்ணும் தூங்கல சார். பாதை உறுதியாகட்டும்னுதான் காத்துட்டிருந்தாங்க" என்றாள் அவள். "நேத்தோட அது முடிஞ்சுது. உங்க வீட்டம்மா பேரை இன்னிக்கே அனுப்பிடலாம்."