டீச்சர் வீட்டு கேக்

பேக்கரியில் அடுப்பைப் பார்த்துக்கொள்கிற வில்பிரட் தட்டை வெளியே இழுத்தான். கேக்கா அது? புதுசாகப் போட்ட தார் ரோடு மாதிரி கருகிக் கிடந்தது.

யாருடைய தட்டு என்று வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ரத்தினபாய் டீச்சருடையது.

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால், மேற்குத் தாம்பரத்தில் பாதிக் கிறிஸ்தவர் வீட்டு கேக் எலியேசர் பேக்கரி அடுப்பில்தான் வேகும். வீட்டிலேயே மாவைக் கலந்து, தட்டில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். வேகவைத்துத் தருவது பேக்கரியின் வேலை. காப்பிக்குக்கூடப் போடாமல் மிச்சம் பிடித்த ரேஷன் சர்க்கரை. அதைக் கருக்கினால் சும்மா விடுவார்களா?

அதிலும் ரத்தினபாய் டீச்சர்! அவர் தெருவில் வந்தாலே ஹைஸ்கூல் பையன்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். போன வருஷம் கேக்கின் ஓரம் லேசாக உடைந்ததற்கே, கடை வாசலில் நின்று முதலாளி எலியேசரை வாங்கு வாங்கென்று வாங்கியவர்.

அந்தப் பயம்தான் வினையாகிவிட்டது. ரொட்டி வெந்து முடிந்ததும் அடுப்புச் சூடு தணிய வேண்டும். உள்ளே ஒரு பேப்பர் துண்டைப் போட்டு, அது கருகாமல் மெதுவாகச் சிவக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கேக்கை வைக்க வேண்டும். டீச்சர் தட்டு முதலில் போகட்டும் என்ற அவசரத்தில் வில்பிரட் பேப்பரும் போடவில்லை, ஒரு மண்ணும் போடவில்லை.

"இன்னாபா, மூஞ்சிய இப்டி வெச்சிகினு நிக்கிற?" ரொட்டிக்கு மாவு பிசைகிற சவுரிமுத்து எட்டிப் பார்த்தான். "மாவு சரியில்ல, சக்கரை ஜாஸ்தின்னு சொல்லிடு. அடுப்புக்குள்ள யாரு வந்து பாத்தா? இதுக்குப் போயி பேஜாராவுறியே!"

"அவங்க மேலேயே பழியப் போடறதா?"

"பின்ன? தீவாளிக்கு பிஸ்கோத்தக் கருக்குனவன் இன்னா ஆனான்? அவன் எடத்துலதான் நீ நின்னுகினு கீற."

தெரியாமல் என்ன? வேலைக்குச் சேர்த்த அன்றே எலியேசர் அதைச் சொல்லித்தான் சேர்த்தார். வீட்டில் மனைவி ஜெயசீலி மாசமாக இருக்கிறாள். இந்த நேரத்தில் வேலை போனால் அவ்வளவுதான், நடுத்தெருதான்.

முதலாளி மைதா எடுக்கப் பல்லாவரம் போயிருந்தார். வில்பிரட் கருகல் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராக டீச்சர் வீட்டுக்கு நடந்தான்.

கதவைத் திறந்த டீச்சர், "அதுக்குள்ள வெந்துடுச்சா?" என்றார்.

"கருக்கிட்டேன் டீச்சர். சூடு பார்க்காம வெச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்."

டீச்சர் துணியை விலக்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"எலியேசருக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்லீங்க. தெரிஞ்சா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுவார்."

"கல்யாணம் ஆயிடுச்சா உனக்கு?"

"ஆயிடுச்சு டீச்சர். அவ மாசமா இருக்கா."

டீச்சர் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"அட, நீ என்னப்பா பண்ணுவே? சர்க்கரையை நான்தான் அள்ளிக் கொட்டியிருக்கேன். கருகாம என்ன செய்யும்? கலக்கும்போதே எனக்குச் சந்தேகம். எலியேசர் கேட்டா, மாவு கலந்ததுல தப்புன்னு டீச்சரே சொன்னாங்கன்னு சொல்லு. போ, மத்தவங்க கேக்கையாவது பார்த்து வை."

வில்பிரட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அம்மாவைப் போய் ஊரே சிடுமூஞ்சி என்கிறதே! 'ஆண்டவரே, இவங்க நல்லா இருக்கணும்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு திரும்பினான்.

அதற்குள் பல்லாவரத்திலிருந்து திரும்பிவிட்ட எலியேசர் கடையில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா, டீச்சர் தட்டைக் கருக்கிட்டியாமே?"

டீச்சர் சொல்லிக் கொடுத்த பதில் நாக்கு நுனியில் நின்றது. அதை மட்டும் சொன்னால் போதும், வேலை தங்கும். பின்னாலிருந்து சவுரிமுத்து வேறு 'சொல்லு, சொல்லு' என்று கண்ணைக் காட்டினான்.

"டீச்சர் தன் மேலதான் தப்புன்னாங்க முதலாளி. சர்க்கரை ஜாஸ்தியாப் போட்டுட்டாங்களாம்." சவுரிமுத்து பக்கம் பார்க்காமல் தொடர்ந்தான். "அது எப்படியோ இருக்கட்டும். நான் பேப்பர் போட்டுப் பார்க்கல. பார்த்திருந்தா கருகியிருக்காது. அவங்க பேர்ல தப்பிச்சுக்க எனக்கு மனசு வரல. தப்பு என்னோடதுதான்."

எலியேசர் புருவத்தைத் தூக்கினார்.

"டீச்சரே மாவு கலந்ததாவா சொன்னாங்க?"

"ஆமாங்க."

"ம்." துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்குன்னு எடுத்து வெச்ச கேக்கை அவங்களுக்குக் குடுத்துட்டு வா. வந்து அடுப்பைப் பாரு."

"முதலாளி, அப்ப என் வேலை...?"

"அடுப்பைப் பாருன்னா வேற என்னடா அர்த்தம்?"

வில்பிரட் கையெடுத்துக் கும்பிட்டான். "உங்களையும் டீச்சரம்மாவையும் உசிருள்ளவரை மறக்க மாட்டேன் முதலாளி. பாவம், அவங்க மட்டும் சர்க்கரையை அளந்து போட்டிருந்தா..."

எலியேசர் கடகடவென்று சிரித்துவிட்டார்.

"போடா பைத்தியக்காரா! அந்தம்மாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. வருஷா வருஷம் அவங்க கேக்குக்கு மாவு கலந்து குடுக்கிறதே என் பொண்டாட்டி சாராள்தான்!"