மணலுக்கு மாட்டிய டயர்

கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு எழுந்தான்.

வண்டி ஒரு சாண் உயர்ந்திருந்தது.

பழைய டயர்கள் நான்கும் பனைமரத்தடியில் கிடந்தன. புதியவை அகலம். திருப்பும்போது மட்கார்டில் உரசின. அதன் விளிம்பை ஆக்சா பிளேடால் அறுத்து, சுத்தியலால் தட்டி மடக்கியிருந்தான். பார்க்க நன்றாக இல்லை. படகு இழுக்கிற வண்டிக்கு அழகு எதற்கு.

காற்றைக் காலையிலேயே நிறையப் பிடித்துவிட்டான். உதைத்துப் பார்த்தான். கல் மாதிரி இருந்தது.

காற்று நிறைய இருந்தால் பயமில்லை. இருபது வருடம் சங்கு குளித்தவனுக்கு அது மட்டும் நிச்சயமாகத் தெரியும். மூச்சை நிறைத்துக்கொண்டு இறங்கியவன் மேலே வந்துவிடுவான்.

போன வருடம் ஒன்பது பாகம், ஐம்பதடிக்கு மேல் ஆழத்தில் இடது காது போனது. இனி முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் இந்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப். கரைக்கு வரும் படகுகளை மணலில் இழுத்து மேட்டில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தான்.

சின்ன டயரில் அது நடக்கவில்லை. மூன்று தடவை புதைந்தது. தென்கரையில் மணல் கெட்டி, டிராக்டரும் இருக்கிறது. படகுகள் ஒவ்வொன்றாக அங்கே போய்விட்டன.

உப்புக் குடோனில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வா என்றிருக்கிறார்கள்.

குடோனிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது.

இன்று அவன் கேட்டுக்கொண்டதற்காக, மனைவியின் தம்பி தொம்மை மட்டும் படகை இங்கே விட்டிருந்தான்.

"இந்த ஒரு தடவதான் அத்தான். பொதஞ்சா நானும் தெக்கதான் போவேன். பொறவு அக்காவ விட்டு ஏசக் கூடாது."

அலைக்கு வெளியே இன்னும் மூன்று படகுகள் எஞ்சினை அணைக்காமல் நின்றன. தெற்கே போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள்.

கயிற்றை வண்டியின் கொக்கியில் கட்டினார்கள். படகுக்கு அடியில் உருளைக்கட்டை வைத்தார்கள். அவன் கிளட்சை விட்டான்.

வண்டி இரண்டு முழம் நகர்ந்தது.

பிறகு நின்ற இடத்திலேயே தோண்டியது. மணல் பறந்து தொம்மையின் முகத்தில் விழுந்தது.

கட்டை வைத்துக்கொண்டிருந்த சூசை நிமிர்ந்தான்.

"கெணறு வெட்டச் சொல்லல மச்சான். படகு இழுக்கச் சொன்னோம்."

சிரித்தார்கள். இடது பக்கம் நின்றவர்கள் சிரித்தது அவனுக்குக் கேட்கவில்லை. வாய்கள் மட்டும் தெரிந்தன.

இறங்கினான்.

வண்டி நகர்ந்த இரண்டு முழத்துக்கு டயரின் தடம் இருந்தது. அகல டயர். ஆனால் தடம் ஒடுக்கமாக, ஆழமாக இருந்தது. நடுப்பகுதி மட்டும் மணலை அழுத்தியிருக்கிறது. ஓரங்கள் பதியவே இல்லை.

அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பக்கத்தில் அவன் காலடி இருந்தது. விரல்கள் விரிந்து, முழுப் பாதமும் பதிந்து, மேலாகவே கிடந்தது.

தண்ணீருக்குள் படித்ததை மணலில் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

ஒரு ஆணியை எடுத்து டயரின் வால்வை அழுத்தினான்.

"இருக்கறதயும் எறக்குதியளே அத்தான்." தொம்மை தலையில் கைவைத்துக்கொண்டான்.

விரலில் காற்று அடித்தது. அவன் நிறுத்தவில்லை. டயரின் வயிறு பிதுங்கியது. பந்தியில் சம்மணம் போட்ட ஆள் மாதிரி மணலில் நன்றாக உட்கார்ந்தது. மற்ற மூன்றுக்கும் அப்படியே செய்தான்.

சக்கரங்களுக்கு முன்னால் மண்டிபோட்டுக் கையால் மணலை வழித்தான். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சூசை வந்து மறுபக்கம் குனிந்தான்.

ஏறி உட்கார்ந்தான். இந்தத் தடவை ஆக்சிலேட்டரை மிதிக்கவில்லை. கிளட்சை மட்டும் மெல்ல விட்டான்.

கயிறு விறைத்தது. அதிலிருந்து தண்ணீர் தெறித்தது.

வண்டி போனது.

கண்ணாடியில் பார்த்தான். படகின் முகப்பு தண்ணீரிலிருந்து எழுந்து, கட்டை மேல் ஏறி, பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

மேட்டில் நிறுத்தினான்.

தொம்மை படகில் கட்டியிருந்த முனையை அவிழ்த்தான். கயிறு தொம்மையுடையது. அந்தக் கரையில் யாரும் தன் கயிற்றை அடுத்த படகுக்குக் கொடுப்பதில்லை. சுருட்டி உள்ளே போட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

வண்டிக் கொக்கியில் இருந்த முடிச்சை அவன் தொடவில்லை. அவிழ்த்த முனையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குள் நடந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கினான்.

மூன்று படகுகளில் ஒன்று, அவசரமில்லாமல், முகப்பைக் கரைப் பக்கம் திருப்பியது.

வண்டியில் இருந்தவன் ரிவர்ஸ் கியர் போட்டான்.