பன்னெண்டு காம்பரா லயம்

"டேய் றுஷாந்தா, செவுரு வெடிச்சுக் கெடக்கு. புள்ளத்தாச்சி அக்கா அந்தச் செவுத்தோரந்தான் படுத்திருக்கா. நீ என்னடான்னா கம்ப்யூட்டர்ல வீடு இடிச்சு வெளையாடுற. ஒனக்கு வெக்கமா இல்ல?"

நான் கத்துனது பன்னெண்டு குடும்பம் வரிசையா இருக்குற எங்க லயத்துல கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும்.

மழ தொடங்குனதுலருந்து எனக்கு அந்தச் செவுரு மேலதான் கண்ணு. மகள் ஜெயந்தினிக்கு இது எட்டாம் மாசம். தலப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு அடம்புடிச்சு மொனராகலையிலருந்து நான்தான் கூட்டிட்டு வந்தேன். வந்த மறுவாரமே மூலைச் செவுத்துல வெரல் போற அளவுக்கு வெடிப்பு. தெனம் காலையில அவ கட்டில்லருந்து மண்ணத் தட்டிக் கூட்டுறேன். வேற எங்க போட? எங்க காம்பராவுல கட்டில் போட அந்த ஒரு மூலதான் இருக்கு.

இவ தம்பி றுஷாந்தனுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்ல. கொழும்புக் கடை வேலைய விட்டுட்டு வந்து லெப்டொப்பும் கையுமா இருக்கான். போன வாரம் டேப்ப வச்சு செவுத்தையெல்லாம் அளந்தான். சரி, பூசப் போறான் போலன்னு நெனச்சேன். பாத்தா, எங்க லயத்த அப்படியே அந்த கேமுக்குள்ள கட்டி, எல்லாரும் வெளையாட இன்டர்நெட்ல போட்டு வச்சிருக்கான்! தகரம், முன்வாசல் இஸ்தோப்பு, பன்னெண்டு காம்பரா, அந்த வெடிப்பக் கூட விடல. ஊரு ஒலகத்துல உள்ளவன்லாம் சுத்தியலத் தூக்கிட்டு வந்து அத ஒடைக்கிறான். ஒடச்சிட்டு அபிப்பிராயம் வேற எழுதுறான்.

"அக்கா, இதக் கேளு," இங்கிலீஸ்ல இருந்தத தமிழ்ல சொன்னான். "'தகரம் பறக்குறது சூப்பர். அஞ்சு ஸ்டார்.' இன்னொருத்தன், 'அஞ்சு நிமிசத்துல எல்லாம் விழுந்திருச்சு. போர்.'"

"அப்புறம்?"

"'தூணும் இல்ல, கம்பியும் இல்ல, வெறும் கல்லும் மண்ணும். மனுசங்க குடியிருக்க யாரும் இப்படிக் கட்ட மாட்டாங்க. நம்புற மாதிரி செய்ங்க. ஒரு ஸ்டார்.'"

ஜெயந்தினி வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"குடியிருக்குற வீட்ட இடிச்சு வெளையாடுறவன் வெளங்குவானா? மூடுடா அத!"

"எந்தச் செவுரு மொதல்ல விழும்னு தெரிஞ்சிக்கத்தாம்மா போட்டேன்."

"ஏன், விழணும்னு ஆசையா?"

அவன் மறுபடி லெப்டொப்புக்குள்ள குனிஞ்சிட்டான்.

பத்து மணிக்கு பதுளையிலருந்து செவுரு பாக்குற ஆபிசர் வந்தாரு. சுரேஸ்னு பேரு. மஞ்சத் தொப்பி போட்டிருந்தாரு. லயத்து ஆளுங்க நாலு காயிதம் எழுதிக் கூப்புட்ட ஆளு. அவரு அபாயம்னு எழுதுனா பன்னெண்டு குடும்பத்தையும் வேற எடத்துல வைப்பாங்க. இல்லேன்னா இங்கதான் கெடக்கணும்.

வெடிப்புக்குள்ள பேனாவ விட்டுப் பாத்தாரு. பேனா முழுசா உள்ள போச்சு. கட்டில்ல இருந்த ஜெயந்தினியப் பாத்தாரு.

"பயப்படாதீங்கம்மா. பூச்சுதான் வெடிச்சிருக்கு. செவுரு பலமா இருக்கு."

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்? புள்ளத்தாச்சி இருக்கா."

"இதுக்கெல்லாம் ஆள மாத்த ஆரம்பிச்சா எடத்துக்கு நான் எங்கம்மா போறது?"

கையெழுத்தப் போட்டுட்டாரு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்னு சொல்லி தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். குடிச்சிக்கிட்டே லெப்டொப்பப் பாத்தாரு. கேமோட பேரு மட்டும் அதுல தெரிஞ்சுது.

"அட, இதா? வீட்டுக்குப் போனா எனக்கும் இதே வேலதான் தம்பி!"

படிச்ச ஆபிசரும் இத வெளையாடுறாராம். என்னத்தச் சொல்ல!

"சார், 'பன்னெண்டு காம்பரா லயம்'னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. வெளையாடிப் பாத்து ஒங்க அபிப்பிராயத்த எழுதுங்களேன்," அப்படின்னான் இவன். தான்தான் செஞ்சேன்னு மூச்சு விடல.

"கட்டாயம் தம்பி. நமக்குத் தெரிஞ்ச வெசயமாச்சே!"

அவரு போனதும் மனசு லேசாயிருச்சு. அவரு செவுத்தப் பாக்குறதுக்காக நடு வழியில இழுத்துப் போட்டிருந்த கட்டில மறுபடி செவுத்தோரம் தள்ளுனேன்.

"அவரு சொன்னத நம்புறியாம்மா?"

"பின்ன, ஒன்னைய நம்பவா? போடா!"

சாயந்தரம் அஞ்சு மணிக்கெல்லாம் மழ தகரத்துல அடிச்சு ஊத்துச்சு. பேசுறது காதுல விழல. இவன் போன் மினுங்குச்சு. எடுத்துப் பாத்தவன் நேரா கட்டில்கிட்ட வந்தான்.

"அக்கா, எந்திரி. புள்ளக்காம்பராவுக்குப் போவோம்."

தோட்டத்துப் பொம்பளைங்க கைக்கொழந்தைங்கள விட்டுட்டுத் தேயிலக் கொழுந்தெடுக்கப் போற எடம் அது. மேட்டுல, கொங்கிறீட்டுக் கட்டடம். சொல்லிக்கிட்டே மெத்தையச் சுருட்ட ஆரம்பிச்சிட்டான்.

"ஒனக்கென்னடா பைத்தியமா? இந்த மழையில புள்ளத்தாச்சிய எங்க இழுத்துட்டுப் போற? ஆபிசரே பயமில்லன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு!"

அவன் போன என் கையில குடுத்துட்டு அக்காவத் தாங்கிப் புடிச்சான்.

இங்கிலீசுக்கு நடுவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் தமிழ்ல இருந்துச்சு. பக்கத்துல மஞ்சத் தொப்பி போட்ட போட்டோ. சுரேஸ். ரெண்டு ஸ்டார் குடுத்திருந்தாரு. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன்:

"அருமையாகக் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் நம்ப முடியவில்லை. மூலைச் சுவர் விழ ஒன்பது சுத்தியலடி கேட்கிறது. இதே மாதிரி ஒரு சுவரை இன்று காலைதான் நேரில் பார்த்துவிட்டு வந்தேன். அதற்குச் சுத்தியலே தேவையில்லை, ஒரு ராத்திரி மழை போதும்."