சனகெரிப் என்ற பிள்ளை

சிம்பாங் பூலாய் தேவாலயத்தின் பின்னறையில் சனிக்கிழமை மாலை மழைவெளிச்சம் பச்சையாகக் கிடக்கிறது. சுவரில் 1976 காலண்டர் காற்றில் தட்டுகிறது. நாளைய பிரசங்கத்துக்காகப் பாஸ்டர் தேவநேசன், எருசலேமை மிரட்டிய அசீரியா ராஜா சனகெரிப்பைப் பற்றி வேத அகராதியில் தேடிக்கொண்டிருக்கிறார். எதிரே, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் லேயாள் நிற்கிறாள். தோளில் மூன்று மாதப் பையன். சாவின் கண்ணில் படாதிருக்க அவனுக்கு மூக்குக் குத்திய இடத்தில் மெல்லிய தங்கக் கம்பி. முன்னே பிறந்த இரண்டும் தங்கவில்லை. "பிச்சைன்னே எழுதுங்க பாஸ்டர். பிச்சையா கேட்டு வாங்குன பிள்ளைன்னா சாவு விட்டுரும்லா." "ஞானஸ்நானத்துக்கு வேதப் பேருதாம்மா வைக்கணும்," என்று மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டுக் குனிந்தவரின் விரல் ஒரு வரியில் நின்றுவிடுகிறது. தகரக்கூரையில் மழை தணிகிறது. "செத்துப்போன அண்ணன்மாருக்குப் பதிலா சாமி குடுத்தவன்," என்று மெல்ல வாசிக்கிறார். "சனகெரிப்னா அதான் அர்த்தமாம்." லேயாள் பையனின் முதுகைத் தட்டுவதை நிறுத்துகிறாள். "அப்ப அவங்கம்மாவும் பறிகொடுத்தவதான்." பையனைத் தோளோடு அணைத்துக்கொண்டு கேட்கிறாள்: "அவன் பொழச்சானா பாஸ்டர்?" மேசையில் விரிந்திருக்கும் வேதாகமத்தில், சனகெரிப்பை அவன் பெற்ற பிள்ளைகளே வெட்டிக் கொன்ற வசனத்தின் கீழ் சிவப்புக் கோடு இருக்கிறது. நாளைய பிரசங்கம் அங்கேதான் முடிய வேண்டும். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறார். "பொழச்சான்மா. பெரிய ஆளாயி, புள்ளகுட்டியெல்லாம் பெத்தான்." கையை எடுக்காமலே, மற்றக் கையால் ஞானஸ்நானப் பதிவேட்டை இழுத்து, பிச்சை என்று எழுதுகிறார்.