இடது பக்கம் தூக்கல்

பட்டறையில் புது எல்.இ.டி. ஹெட்லைட்டைப் பொருத்தியதும் டாக்சிக்காரர் சுவிட்சைத் தட்டினார். எதிர்ச்சுவர் பட்டப்பகல்போல் பளிச்சென்றது. உடனே மனைவியிடமிருந்து போன்.

“ஏங்க, சமையக்கட்டு ஜன்னல்லயா லைட் அடிக்கிறது? கண்ணு கூசுது!”

வீடு ஊருக்கு மறுகோடியில் இருந்தது.

“என்னண்ணே?” என்றார் மெக்கானிக்.

“கண்ணு கூசுதாம்.”

மெக்கானிக் ஸ்க்ரூவைத் திருகி வெளிச்சத்தை இறக்கினார்.

“இடது பக்கம் இன்னும் தூக்கலா இருக்கு,” என்றாள் மனைவி.

டாக்சிக்காரர் அதைச் சொல்ல, மெக்கானிக் அதையும் இறக்கினார். நின்று பார்த்துச் சொல்ல ஆள் கிடைத்ததில் அவருக்கு ஏகக் குஷி.

“ஆங், இப்ப சரி. அணைச்சிட்டு வாங்க, டீ ஆறுது.”

டாக்சிக்காரர் சிரித்துக்கொண்டே அணைத்தார். அவர் பட்டறையிலேயே நிற்க, போனுக்குள் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பைக் கழற்றிவிடும் சத்தம்.

“அதான் உள்ள வந்தாச்சே, இன்னும் எதுக்குப் போனு?” என்று வைத்துவிட்டாள்.